ஐந்தாவது மூட்டை

ஜெகதளா ரோட்டு வளைவில் இலை வண்டியின் ஹாரன் கேட்டதும், தபித்தாள் தன் தேயிலை மூட்டையை இழுத்துவந்து சுகந்தியின் நான்கு மூட்டைகளோடு சேர்த்து வைத்தாள்.

சுகந்தியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, இலை எடை போடும் ஷெட்டின் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

ஒரு வாரமாக எந்த ஃபேக்டரி வண்டியும் தபித்தாளின் இலையை ஏற்றுவதில்லை. பறித்த இலை காத்திருக்காது. மூட்டைக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அது குப்பைதான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். வியாபாரப் போட்டிச் சட்டப்படி விசாரிக்க டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஃபேக்டரிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒரே விலை போடுவது தப்பு என்றார். அப்படிப் பேசிவைத்ததை அவர்கள் ஆள் வாயாலேயே கேட்டவர்கள் உண்டா என்றார்.

சமுதாயக் கூடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தபித்தாள் மட்டும் எழுந்தாள்.

"எங்கிட்டத்தாங்க சொன்னாரு ஏஜென்ட் கமலேஷு. எங்க கொண்டுபோனாலும் இதே ரேட்டுதான், எல்லாரும் பேசி முடிச்சாச்சுன்னு."

அந்தக் கமலேஷ்தான் இப்போது வண்டியிலிருந்து குதித்தான். மூட்டைகளைப் பார்த்தான். ஓரத்தில் நின்ற தபித்தாளைப் பார்த்தான். சிரித்தான்.

"ஏனுங்கக்கா, அஞ்சும் உங்குளுதுங்களா? இலைக்கு வாயில்லீங்க, நீங்கதான் சொல்லோணும்."

ஆமாங்க என்றால் போதும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாளைக்குப் பறிக்கும் இலையையும் இவன்தான் ஏற்ற வேண்டும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"நாலுதாங்க," என்றாள் சுகந்தி.

அவன் ஐந்தாவதைக் காலால் ஒதுக்கினான். வண்டி கிளம்பிப் போனது.

தபித்தாள் வந்து மூட்டையின் வாயை அவிழ்த்து முழங்கைவரை உள்ளே விட்டாள். கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு இலையைத் தரையில் கொட்டிப் பரப்ப ஆரம்பித்தாள். பரப்பி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

சுகந்தியும் குனிந்தாள். தபித்தாள் தடுக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

இலை, காய்ச்சல்காரக் குழந்தையின் வயிறு போலச் சுட்டது.

கமலேஷ் அந்த ரேட்டுப் பேச்சைப் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அந்நேரம் தபித்தாள் வெலிங்டன் சர்ச்சில் இருந்தாள்.

அவன் நின்று பேசியது சுகந்தியிடம், அவள் வீட்டு வாசலில்.