நின்ற இடத்தில் ஒரு சுற்று

கோயில் பிராகாரம் முழுக்கச் சாரம் கட்டித் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. வெள்ளி தவறாமல் வருகிற தில்லைநாயகிக்கு வந்ததே கோபம். கணவனுக்கு ஒரு சுற்று, மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்று சுற்றி முடிக்காமல் அவளுக்கு வீட்டுக்குப் போகக் கால் வராது. "இப்படி அடைச்சு வச்சா எப்படிச் சாமி சுத்துறது?" என்று குருக்களிடம் சண்டைக்கு நின்றாள். "நின்ன எடத்துலயே மூணு தரம் சுத்திக்கோங்கோம்மா, போறும்" என்றபடி அவர் விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டார். அதெல்லாம் சோம்பேறிகளின் வேலை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தவள், வேறு வழியில்லாமல் கைகூப்பித் தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தாள். கணவனின் மூட்டுவலியைச் சொல்லி முதல் சுற்று முடிந்தது. மகனுக்கான சுற்றில் பாதியிலேயே திடுக்கென்றது. சுற்றினால் நடுவில் சாமி இருக்க வேண்டுமே, இப்போது நடுவில் இருப்பது யார்? வேண்டுதல் வாயிலேயே நின்றுவிட்டது. அந்த இடத்தை அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மருமகளுக்கென்று வைத்திருந்த மூன்றாவது சுற்றில் யார் பெயரும் வரவில்லை. தலையில் எண்ணெய்க் குடம் சுமக்கும் நிறைமாதக்காரியைப் போல, உள்ளே இருப்பது அலுங்கிவிடாமல் அடிமேல் அடி வைத்துத் திரும்பினாள். "நகருங்கம்மா, எவ்வளவு நேரம்?" என்றது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல். "இருங்க தம்பி, இன்னும் கும்பிடவே இல்ல" என்று கண்ணைத் திறந்தாள். எதிரே சன்னதியில் தீபம் எரிந்தது. கூப்பிய கைகளுக்குப் பின்னால் நெஞ்சு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.