சொல் பேச்சு கேட்கும் தீ

"உங்க மாமியார் மலையில தீ வைக்கறாங்க, தெரியுமா?"

இருமல் மருந்து வாங்க வந்த தையல்காரம்மா, கவுண்ட்டருக்குக் குறுக்கே எட்டி ரகசியம் போலத்தான் சொன்னாள். மருந்துக் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

கவுண்ட்டரில் நின்ற மருமகள் சிரித்துவிட்டாள்.

"எங்க அத்தையா? ஒரு வாய் டீகூடப் போட்டுத் தர மாட்டாங்க. அவங்களாவது தீ வைக்கறதாவது! வேற யாரையாவது பார்த்திருப்பீங்க."

"ஊசியில நூல் கோக்கற கண்ணும்மா இது. வனத்துறை ஆளுங்களோட நின்னாங்க. கையில ஈரச் சாக்கு."

சிரிப்பு நின்றது.

'நடந்துட்டு வரேன்' என்று தினமும் காலையில் கிளம்புவது இதற்குத்தானா? தலைமுடியில் அடிக்கிற புகை வாடை? பக்கத்துத் தெருவில் குப்பை கொளுத்துகிறார்கள் என்றல்லவா சொன்னார்!

மாமியாரை மோசம் என்று சொல்லிவிட முடியாது. வீடு பெருக்குவார். துணி மடிப்பார். அரிசியைக் களைந்து, காயைப் பொடியாக நறுக்கி, எல்லாவற்றையும் அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். அதோடு சரி. அடுப்பை மட்டும் தொட மாட்டார்.

நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு, வீங்கின காலும் தள்ளின வயிறுமாக வந்து மருமகள்தான் பற்ற வைக்க வேண்டும்.

ஒருநாள் கேட்டே விட்டாள்.

"அது உன் அடுப்பும்மா. நான் கை வச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் மாமியார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

போன கோடையில் மலையிலிருந்து இறங்கிய காட்டுத் தீ, அடிவாரத்தில் ஒரு தெருவையே தின்றுவிட்டது. அதில் மாமியாரின் வீடும் போனது. அதற்குப் பிறகுதான் மகனோடு வந்து இருக்கிறார்.

"வீட்டைப் பறிகொடுத்தவங்க. கொஞ்சம் விட்டுப் பிடியேன்" என்பான் கணவன்.

"வீடு போனதுக்கும் இந்த வீம்புக்கும் என்னங்க சம்பந்தம்?"



தையல்காரம்மா சொன்ன மறுநாளே கடைக்கு லீவு சொல்லிவிட்டு மருமகள் மலைக்குப் போனாள். பாதை முடிகிற இடத்தில் வனத்துறை ஜீப் நின்றது.

அதைத் தாண்டிச் சரிவில், காய்ந்த புல் கணுக்கால் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆர்ப்பாட்டம் இல்லாத தீ. மெல்ல நகர்ந்து, போன இடத்தையெல்லாம் கறுப்பாக்கிவிட்டுப் போனது. முதுகில் தண்ணீர்த் தொட்டியைச் சுமந்தபடி ஆட்கள் அதன் ஓரமாகவே நடந்தார்கள்.

அவர்களில் ஒருவராக மாமியார். தொளதொளவென்று காக்கி உடுப்பு. காலுக்குப் பொருந்தாத பூட்ஸ்.

ஒரு தீ நாக்கு ஓரத்தைத் தாண்டி அவர் பக்கம் எட்டிப் பார்த்தது. மாமியார் பின்வாங்கினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் வந்து, ஈரச் சாக்கால் ஓங்கி அறைந்தார். இன்னொரு அறை. தீ அடங்கியது.

"அத்தை!"

மாமியார் திரும்பினார். திருடித் தின்று பிடிபட்ட குழந்தையின் முகம்.

"நீ எதுக்கும்மா வந்தே? இந்தப் புகை உனக்கு ஆகாது. கீழே போ!"

இளவயது ரேஞ்சர் ஒருத்தி ஓடி வந்து, மருமகளின் கையைப் பிடித்து ஜீப்புக்கு அழைத்துப் போனாள்.

"நீங்கதான் இங்க மேலதிகாரியா? காட்டைக் காப்பாத்தச் சம்பளம் வாங்கிட்டு நீங்களே கொளுத்தறீங்க. இதுல வயசானவங்களை வேற கூட்டு சேத்துக்கறீங்களா?"

ரேஞ்சர் கோபப்படவில்லை.

"காப்பாத்தத்தான் கொளுத்தறோம் அக்கா. கோடைத் தீக்கு அசுரப் பசி. சருகும் காஞ்ச புல்லும் கிடைச்சா தின்னு கொழுத்து ஊருக்குள்ள வந்துடும். குளிர் இருக்கும்போதே, காத்து அடங்கின நேரம் பார்த்து நாமளே கொஞ்சம் கொஞ்சமா எரிச்சுட்டா, அப்போ அதுக்குத் தின்ன ஒண்ணும் இருக்காது."

"சரி, அதுக்கு எங்க அத்தை எதுக்கு?"

"நான் கூப்பிடலே. அவங்களா வந்தாங்க. முதல் நாள் இந்த ஜீப் கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. தூரத்துப் புகையைப் பார்த்ததுக்கே உடம்பு வெடவெடன்னு ஆடுச்சு. வீடு எரிஞ்சதுல இருந்து தீக்குச்சி உரசற சத்தம் கேட்டாலே அப்படித்தானாம்."



"எங்ககிட்ட... ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா மகன் கவலைப்படுவான்னாங்க. 'சொல் பேச்சு கேக்கற தீ உங்ககிட்டதான் இருக்காமே, அதுகிட்ட கொஞ்சம் நின்னு பழகறேன்மா'ன்னு கெஞ்சினாங்க. இது விளையாட்டு இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டேன். மறுநாளும் வந்து நின்னாங்க."

"அப்போ ஏன் சேத்தீங்க?"

"நல்லாப் பழக்கிட்டு, பக்கத்துல ஒரு ஆளையும் நிறுத்தித்தான் விடறேன் அக்கா. அன்னிக்கு நானும் உங்களை மாதிரிதான் கேட்டேன். இந்த வயசுல பயம் தெளிஞ்சு என்ன ஆகப்போகுது, நிம்மதியா வீட்டுல இருங்களேன்னு. அதுக்கு ஒரு பதில் சொன்னாங்க. அப்புறம் மறுக்க எனக்கு மனசு வரலே."

"என்ன சொன்னாங்க?"

ரேஞ்சர் சரிவைப் பார்த்தாள். அங்கே மாமியார் சாக்கை மறுபடி தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"'மருமக மாசமா இருக்கா. பிள்ளை பெத்த பச்சை உடம்போட அவளை அடுப்படியில நிக்க விடலாமா? அதுக்குள்ள எனக்கு இந்தப் பயம் தெளிஞ்சாகணும்மா'ன்னாங்க."