சொல்லக் கூடாத பெயர்

அதிகாரி வார்டுக்குள் வந்தபோது அவள் குழந்தையைத் தோளில் சாய்த்து, ஏப்பம் வருவதற்காக முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

பெண் குழந்தை. நேற்றுத்தான் பிறந்தது. அம்மாவோடு வீட்டுக்குப் போகுமா, வேறு யார் கைக்காவது போகுமா என்பதை இன்று சொல்வதாக இருந்தார்கள்.

ஜன்னலோரம் நின்றிருந்த கணவனும் திரும்பினான். லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் படிந்த சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தான். இந்த அதிகாரிக்கு அவன் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முதல்முறை வீட்டுக்கு வந்தபோது ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பால்கனிக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். போதாதா?

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து இப்படிப் பார்க்கும்படி ஒன்று நடந்துதான் இருந்தது.

இந்தக் குழந்தை வயிற்றில் உண்டான கொஞ்ச நாளில், மூன்று வயதுப் பையனை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். பஸ்கள் வந்தன, போயின. திடீரென்று பையன் ஞாபகம் வந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், அவன் அழுது களைத்துக் கதவோரமாகவே தூங்கிப்போயிருந்தான்.

கணவனிடம் சொன்னாள். மறதி யாருக்குத்தான் இல்லை என்றான். எனக்குப் பயமாயிருக்கிறது, இது மறதி இல்லை என்றாள். சாப்பிட்டுவிட்டுப் படு, சரியாகிவிடும் என்றான். அம்மாவிடம் சொன்னாள். வாயும் வயிறுமாக இருக்கும்போது இதெல்லாம் சகஜம், வெளியே சொல்லிவைக்காதே என்றாள் அம்மா.

இரண்டொரு நாளில் பூதக்கண்ணாடி வாசலில் வந்து நின்றார்.

பையனைக் கொஞ்ச காலம் நாத்தனார் வீட்டில் விடச் சொன்னார்கள். அவளை மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். முதல் பிரசவத்திலிருந்தே அவளுக்கு இருப்பது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, நோய் என்று அந்த டாக்டர்தான் சொன்னார். வயிற்றுப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும் மாத்திரையாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது. பிறகு பையனும் திரும்பினான், கன்னம் உப்பி, எழுந்தாலும் உட்கார்ந்தாலும் அத்தையைப் போலவே "கடவுளே" என்று சொல்லிக்கொண்டு.

கணவனுக்கு ஒன்றுதான் ஆறவில்லை. போட்டுக்கொடுத்தது யார்?

எதிர்வீட்டு டெய்லர் அக்கா என்று அவனாகவே முடிவுகட்டினான். பையன் அழுதது வேறு யார் காதில் விழுந்திருக்கும்? அவளோடு பேச்சை நிறுத்தினான். துணிமூட்டையோடு அவள் வருவது தெரிந்தால் லிஃப்ட் கதவை மூடிவிடுவான். படியேறி வரட்டும், உடம்புக்கு நல்லது என்பான்.

அதிகாரி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குழந்தையை எட்டிப் பார்த்தார். அப்படியே அப்பா மூக்கு என்றார். அதே குரலில், நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

நர்ஸ் ஒருவர் வந்து பார்த்துப் போவார். மாத்திரையை நிறுத்தக் கூடாது. தூக்கம் கெட்டால் உடனே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது.

கணவன் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"உங்களை என்னென்னமோ நினைச்சேன் மேடம். நீங்க இல்லேன்னா இவ இப்படி எழுந்து உக்காந்திருக்க மாட்டா. இப்பவாவது சொல்லுங்க, அன்னைக்கு உங்களுக்கு போன் பண்ணது எதிர்வீட்டம்மாதானே?"

சொன்னவர் பெயரை யாரிடமும் சொல்வதில்லை என்றார் அதிகாரி. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடுவதிலேயே கண்ணாக இருந்தார். மறந்தும் கட்டில் பக்கம் பார்க்கவில்லை.

இத்தனை மாதமும் அந்தப் பேச்சு வந்தபோதெல்லாம் அவர் அவள் பக்கம் பார்த்ததே இல்லை.

அவர் எழுந்து கதவுவரை போய்விட்டார். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"அந்த அக்கா இல்லைங்க. நான்தான் கூப்பிட்டேன்."

கணவன் அதிகாரியைப் பார்த்தான். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள்: "என் பையனை என்கிட்டேருந்து காப்பாத்துங்கன்னு சொல்லிட்டு அழுதுகிட்டே இருந்தேன். நீங்க போனை வைக்கவே இல்லை."

அதிகாரி லேசாகச் சிரித்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

கணவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தான்.

சொன்னாள் என்பது ஞாபகம் வந்தது.

இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

"நீ தூங்கு" என்றான்.