ஆஸிஃபாவின் படம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, மரக்காணத்து ஆஸிஃபாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நிச்சயமான இரண்டாம் வாரமே அவள் படமும் பெயரும், ‘ஆண் நண்பர்கள் தேவை’ என்ற வரியோடு, இணையத்தில், ஆர்குட் பக்கத்தில் ஏறியிருந்தன. துபாய் மாப்பிள்ளை போனிலேயே சம்பந்தத்தை முறித்துக்கொண்டான்.

“அல்லா மேல சத்தியமா நான் போடலம்மா!”

“உப்பளத்துல கூட இதே பேச்சுடி! யாரு நம்புவாங்க?” தாய் சைத்தூன் பீவி தலையில் அடித்துக்கொண்டாள்.

பிரவுசிங் சென்டர் அப்துல் ஜலீல்தான் ஆறுதல் சொல்ல வந்தார். மனைவியை இழந்தவர், வயது ஐம்பது.

“பாருங்கம்மா, ஊர் வாயை மூடணும்னா உடனே நிக்காஹ் முடிக்கணும். இனி வேற யாரு வருவாங்க? நானே கட்டிக்கிறேன்.”

சைத்தூன் பீவி அழுதபடியே அவருக்காகக் கையேந்தி துஆ செய்தாள்.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்து, அவர் வீட்டுக்கு வந்ததும் ஆஸிஃபா தயங்கிக் கேட்டாள்.

“அந்தப் படம் இன்னும் இருக்குதுங்களா?”

“காலையிலேயே அழிச்சிட்டேன் புள்ள.”

“போட்டவன் பாஸ்வேர்டு இல்லாம நீங்க எப்படி அழிச்சீங்க?”

ஜலீல் தாடியைத் தடவிச் சிரித்தார்.

“துபாய்க்கு அனுப்பச் சொல்லி உங்கம்மா படத்தை எங்கிட்டதானே குடுத்தாங்க? நிக்காஹ் ஆயிடுச்சு. இனிமே என்ன கேள்வி?”

இப்படி உதவ வருகிறவன் உங்கள் வாசலை மிதிக்காதிருக்கட்டும் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெண்மக்கள் நல்லபடியாக வாழட்டும்.