இருபத்தாறாம் திகதி வரை

பதினொரு மணியாகியும் எனக்கு ஒருவரும் தீபாவளி வாழ்த்து அனுப்பவில்லை.

முறுக்குச் சுட்டு முடித்து, முகம் கழுவி, புதுச் சேலையோடு மடிக்கணினிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். பேஸ்புக் துடைத்து வைத்த மாதிரிக் கிடந்தது.

அக்காமார் விடியவே கந்தளாயிலிருந்து போனில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கணக்கில் இல்லை. சொல்லாவிட்டால் நான் விடமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் பார்த்திருந்தது சிநேகிதிகளை, என்னோடு வேலை செய்யும் கந்தோர்க்காரரை. எனக்கும் இன்றைக்கு நல்ல நாள் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்றிருந்தது.

"உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டால், வெளிக்கிட்டு வீடு வீடாப் போய்க் கேட்டு வாங்கும்" என்றார் என் கணவர் சிவரூபன், முறுக்கைக் கடித்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்த்து விஷயத்தில் திருகோணமலையிலேயே என்னைப்போல் கவனமான ஆள் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பிழை விட்டேன். தாய் செத்து ஒரு மாதம்கூட ஆகாத சிநேகிதி லக்சனாவுக்கு, எல்லோருக்கும் அனுப்பிய கையோடு, விளக்குப் படம் போட்டு வாழ்த்து அனுப்பிவிட்டேன்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல நாள் இல்லை. பலகாரம் சுட எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். வாழ்த்தும் சொல்லக் கூடாது.

அவள் 'நன்றி' என்று மட்டும் எழுதினாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் என்கிற ஒரு சின்ன நீட்சியைச் சேர்த்தேன். பேஸ்புக்கில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு நிறம் போட்டு, குறிப்பு எழுதி வைக்கலாம். சொந்தக்காரருக்குப் பச்சை. கந்தோருக்கு நீலம். சாவு வீட்டுக்குக் கறுப்பு. இறந்த திகதியைப் போட்டால் ஒரு வருடம் நின்று, தானாக மறைந்துவிடும்.

எழுதியதெல்லாம் அவரவர் கணினிக்குள்ளேயே இருக்கும். வேறு ஒருவராலும் பார்க்க முடியாது, மாற்றவும் முடியாது.

அதுதான் எனக்கு மெத்தப் பிடித்தது. பக்கத்து வீட்டு றோஸ் அன்ரியின் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதி வைத்திருப்பதை அவ கண்டால் என் மானம் கப்பலேறிவிடும்.

துறைமுக வாசலுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் கப்பல் முகவர் கந்தோரில் எல்லோருக்கும் நானே அதைப் போட்டுக் கொடுத்தேன். பிறகு சிநேகிதிகளுக்கு. முப்பது பேருக்காவது இருக்கும். அவ்வளவு பேரையும் பழக்கிவிட்டவளுக்கு இன்றைக்கு ஒரு வாழ்த்து இல்லை.

அப்போதுதான் டிங் என்றது.

இஹ்ஸான். கோதுமைக் கப்பல் வந்ததால் லீவு நாளிலும் கந்தோரில் இருந்தான். 'ரூபி அக்கா, தீபாவளி வாழ்த்துக்கள்' என்று எழுதியிருந்தான்.

எனக்கு வாயெல்லாம் பல். பதில் அடிக்க முதல் அது மறைந்துவிட்டது. அழித்துவிட்டான்.

"சொறி அக்கா. பிறகுதான் உங்கட பேருக்குப் பக்கத்துல கறுப்பைக் கண்டன். மன்னிச்சுக்கங்க" என்று அடுத்தது வந்தது.

கறுப்பா? எனக்கா?

எழும்பிப் போய்ச் சுவர்க் கலண்டரைப் பார்த்தேன்.

போன வருடம் ஒக்டோபர் இருபத்தாறாம் திகதி அப்பா செத்துப்போனார். ஆண்டுத் திவசத்துக்கு ஐயர் திதி பார்த்தார். இந்த வருடம் அது பதினாறாம் திகதியே வந்துவிட்டது. வீட்டளவில் செய்து முடித்தோம். இனி நல்ல நாள் கொண்டாடலாம் என்றுதான் இன்றைக்குச் சட்டி வைத்தேன்.

அந்த நீட்சிக்குத் திதி தெரியாது. அது திகதியைத்தான் எண்ணும். இன்றைக்கு இருபது.

முப்பது கணினிகளில் என் பெயர் கறுப்பாக நிற்கிறது. நீட்சி நானே போட்டுக் கொடுத்தது; கறுப்பு அவரவர் வைத்தது. என்னால் ஒன்றைக்கூட மாற்ற முடியாது. தனிய இருந்து சிரித்தேன்.

முறுக்குத் தட்டை ஒரு படம் எடுத்துப் போட்டால் போதும். சட்டி வைத்த வீடு என்று பார்த்தவுடனேயே விளங்கிவிடும். பத்து நிமிடத்தில் வாழ்த்து வந்து குவியும். படமும் எடுத்துவிட்டேன்.

போடப் போகையில் இஹ்ஸான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன்.

அவனுக்கு எங்கள் முறை ஒன்றும் தெரியாது. அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய காலத்தில் அவன் பிறந்திருக்கவும் மாட்டான். மற்றவர்களிலும் பாதிப் பேர் அப்பாவைக் கண்டதே இல்லை. ஆனாலும் அந்தத் திகதியை எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு என் பெயர் வரைக்கும் வந்து, அப்பாவை நினைத்து, வாழ்த்துச் சொல்லாமல் போயிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

'பரவாயில்லைத் தம்பி' என்று மட்டும் எழுதினேன். முறுக்குப் படத்தை அழித்தேன்.

இன்னும் ஆறு நாளைக்கு, என் பெயருக்குப் பக்கத்தில் அப்பா இருப்பார்.