எடை குறைந்த ஒன்பது வேர்கள்

“ஒரே ஒரு கையெழுத்து. இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பிடிவாதம்?”

மேலாளர் காகிதத்தை ஈர மேசைமேல் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். விதைக் கம்பெனிக்கு அவர் வந்து பத்து நாள்தான் ஆகிறது. வேர் கழுவும் அறைக்குள் இன்றுதான் முதல் தடவையாகக் காலெடுத்து வைக்கிறார்.

அவள் குழாயை மூடினாள். “போட மாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டேனே, சார்.”

பயிரைப் பிடுங்கி, வேரைக் கழுவி, தட்டில் பரப்பிப் படம் எடுப்பார்கள். படத்தை வைத்தே வேரின் எடையைக் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று சொல்லிவிடும். அது சொன்னது சரிதானா என்று, அதே வேரை உலர்த்தித் தராசில் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. நாற்பது வேரில் முப்பத்தொன்று ஒத்துப்போயின. தண்ணீர் தேங்கிய வயலிலிருந்து வந்த ஒன்பதில் மட்டும் கம்ப்யூட்டர் சொன்னதைவிடத் தராசு நன்றாகவே குறைத்துக் காட்டியது.

“படம் எடுத்தப்புறம் கை தவறிக் கொஞ்சம் கொட்டிடுச்சுன்னு இதுல எழுதியிருக்கு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அந்த ஒன்பதையும் நீக்கிடலாம். நாளைக்கு புரோகிராமை அறிமுகம் பண்றோம்.”

“கொட்டவே இல்லையே. பதினாறு வருஷத்துல ஒரு இழைகூடக் கொட்டினதில்லை.” உலர்ந்த வேர் ஒன்றை நகத்தால் பிளந்து காட்டினாள். “பாருங்க, உள்ளே குழல் மாதிரி வெத்தா இருக்கு. தண்ணியில நின்ன வேர் இப்படித்தான். படத்துக்குப் பருமன்தான் தெரியும், உள்ளே காத்துன்னு தெரியாது.”

“உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது. ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு. அதுக்காக என் கை மேல நானே பழி போட்டுக்கணுமா?”

அவர் குரலை இறக்கினார். “மாடியில அந்த புரோகிராமை எழுதின பொண்ணை நினைச்சுப் பாருங்க. மூணு வருஷ உழைப்பு. ஒன்பதையும் நீக்கிடலாம்னு அதுவே காலையில ஒத்துக்கிச்சு. உங்களுக்கு என்ன வந்துச்சு?”

அவளுக்குச் சுருக்கென்றது.

“அந்தப் பொண்ணு வாயால சொல்லுச்சா?”

“பின்னே?”

“சொல்லியிருந்தா அதுவும் தப்புதான். என் தராசு சொன்னதை நான் மாத்த மாட்டேன்.”

எடை எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு, கையைக்கூடத் துடைக்காமல் மூன்று மாடி ஏறினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் எதிரே நோட்டைப் பொத்தென்று போட்டாள்.

“ஒன்பதையும் நீக்க ஒத்துக்கிட்டியா?”

“நானா?” அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பினாள். “கீழே வேர் கழுவறவங்க கையெழுத்தே போட்டுட்டாங்க, நீயும் சரின்னு சொல்லுன்னு காலையில வந்து நின்னாரு. அவங்க போட்டிருக்கவே மாட்டாங்க, புரோகிராமைத் திருத்துற வரைக்கும் அறிமுகம் கிடையாதுன்னு எழுதியே கொடுத்துட்டேன்.”

“அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொன்னே?”

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாவம், புது ஆளு, நாம யாருன்னு அவருக்குத் தெரியலை. இருபத்தாறு வருஷமா உன் கையால சாப்பிடறேன், உன்னை எனக்குத் தெரியாதாம்மா?”