மூச்சை விடுங்க

வெள்ளம் வடிந்து பள்ளி திறந்த அன்று, ஒரே ஒரு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்த லூர்து டீச்சர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே அடக்குங்க" என்றாள். பயந்த மனசு லேசாகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆற்றில் முங்கி விளையாடிய பிள்ளைகள் ஆயிற்றே, அத்தனை பேரும் கண்ணை இறுக்கிக்கொண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சேற்று வாடை போகாத அந்த அறையில் ஒரு சத்தமில்லை. டீச்சர் "போதும், விடுங்க, விடுங்க" என்று பதறினாள். எல்லோரும் விட்டார்கள். கடைசி பெஞ்சில் மாரிச்செல்வியும் தன் மூக்கை விட்டாள். ஆனால் அவளுடைய இடது கை இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தால் அவன் முகம் வரும் உயரத்தில், வெறும் காற்றை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். விரல்நுனி வெளுத்துப்போயிருந்தது. அவள் தம்பியின் உடல் எங்கே கரை ஒதுங்கியது என்று டீச்சருக்குத் தெரியும். அழுகிற பிள்ளையிடம் என்ன பேசுவது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், இவள் அழவில்லை. டீச்சர் அவள் முன்னால் மண்டி போட்டு, "கையை எடும்மா" என்றாள்.

"மாட்டேன் டீச்சர். அன்னைக்கு எனக்கு மூச்சு முட்டிருச்சுன்னு இவனை விட்டுட்டேன்."

அந்தக் கைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை, அவனுக்கு இடம் விட்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தது.